மசாய் மாராவுக்கும் செரெங்கேட்டிக்கும் என்ன உடுத்திக்கொண்டு போவது?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு ஐந்து பேராகக் கென்யா, தான்சானியா போகிறீர்கள். நைரோபியில் இறங்கி, நைவாஷா ஏரி, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம், அங்கிருந்து இசெபானியா எல்லை வழியாகத் தான்சானியாவின் செரெங்கேட்டி தேசியப் பூங்கா, கடைசியாக நிகோரோங்கோரோ எரிமலைவாய். எல்லாம் தரைவழிப் பயணம். நீங்கள் கேட்டவை மூன்று: எல்லோருக்கும் காக்கி நிறத்தில் சஃபாரி உடை வாங்கியாக வேண்டுமா? அறுபத்தெட்டு வயது அம்மா சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை, அவரை என்ன செய்வது? பத்து வயது மகள் தன் மஞ்சள் ஜாக்கெட்டை விட மாட்டேன் என்கிறாள், அனுமதிக்கலாமா?

காக்கி உடை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தைக் குளிர் உடைக்குச் செலவழியுங்கள். அந்தப் பகுதிகளுக்கு நம் ஊர்க்காரர்களை அழைத்துப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் யாரும் அங்கே சிரமப்படவில்லை. விடியற்காலைக் குளிரைப் பற்றி யோசிக்காமல் வந்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். சிங்கம் கண்முன்னே நடந்து போகும்போது பல் கிட்டித்துக்கொண்டு, எப்போது விடுதிக்குத் திரும்புவோம் என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க மனம் பொறுக்காது. எவ்வளவு செலவு செய்து, எத்தனை ஆண்டு ஆசைப்பட்டு வந்திருப்பார்கள்!

ஆப்பிரிக்கா, அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் என்றதும் மெல்லிய பருத்திச் சட்டைகளாக எடுத்து அடுக்கத் தோன்றும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பது உண்மைதான். மசாய் மாரா அதற்குத் தெற்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. ஆனால் அந்தப் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டரும் அதற்கு மேலுமாக உயர்ந்து கிடக்கிறது. ஏற்காட்டின் உயரம் அது. நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர், அதாவது கோத்தகிரி. நிகோரோங்கோரோவில் விடுதிகள் பலவும் எரிமலை வாயின் விளிம்பில், 2,300 மீட்டர் அளவில் இருக்கின்றன. ஊட்டியே அதைவிடச் சற்றுத் தாழ்வு. போதாததற்கு, நீங்கள் போகும் இடமெல்லாம் தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே குளிர்ந்த மாதங்கள். மாராவில் விடியும்போது வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். விளிம்பில் ஒற்றை இலக்கத்துக்கு வருவதும் உண்டு.

12 டிகிரி பெரிய குளிரில்லை, சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் நின்ற இடத்தில் அசையாமல் நிற்கப்போவதில்லை. காலை ஆறு, ஆறரைக்குள் வண்டி கிளம்பிவிடும். லேண்ட் குரூசரின் கூரையை மேலே தூக்கிவைத்திருப்பார்கள். பக்கவாட்டு சன்னல்கள் திறந்திருக்கும். அந்தக் காற்று முகத்திலும் காதிலும் நேராக அறையும். மேலே எழுந்து நின்று கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை விறைத்துப்போகும். பத்து மணிக்கெல்லாம் இதே வண்டியில் வெயில் சுடத் தொடங்கும். பிற்பகலில் 26, 28 டிகிரி. மாரா ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் என்ற, மாடு போன்ற மான்களின் கூட்டம் இறங்குமா இறங்காதா என்று காத்திருக்கும்போது, என்ஜினை நிறுத்திவிட்டு மூன்று நான்கு மணி நேரம்கூட ஒரே இடத்தில் வெயிலில் இருக்க நேரும். ஒரே நாளுக்குள் மார்கழி விடியலும் பங்குனி நண்பகலும் வந்துபோகும். அதற்குத் தகுந்த மாதிரி உடுத்துவதுதான் இந்தப் பயணத்தில் உடை பற்றிய கேள்வி முழுவதும்.

ஆகவே தடிமனான ஒரே கோட்டு உதவாது. அதைப் போட்டிருந்தால் எட்டரை மணிக்கு வியர்க்கும், கழற்றினால் நடுங்கும், கழற்றிய பின் அந்த மூட்டையை வண்டிக்குள் எங்கே வைப்பது என்ற கேள்வி வேறு. மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குப் போடுங்கள். உடம்போடு ஒட்டி ஒரு பனியன். அதன்மேல் முழுக்கைச் சட்டை அல்லது குர்தா. அதற்கு மேல் ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழை மேலுடையோ. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜெர்கின். நான்காவதைத்தான் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பின்னல் ஸ்வெட்டர் அசையாத காற்றில்தான் கதகதப்பாக இருக்கும். ஓடும் வண்டியில் காற்று கண்ணிகளின் வழியே புகுந்து, உடல் சேர்த்துவைத்த சூட்டைக் கொண்டுபோய்விடும். வெளியே ஒரு நைலான் ஜெர்கின் இருந்தால் சாதாரண ஸ்வெட்டரே போதும். விக்டோரியா ஏரியின் பக்கமிருந்து வரும் மேகத்தால் மாராவில் ஆகஸ்டிலும் பிற்பகல் மழை பெய்வது உண்டு. கொஞ்சம் மழை தாங்குகிற ஜெர்கினாக வாங்கினால் தனியாக மழைக்கோட்டும் வேண்டாம்.

ஸ்வெட்டர், ஃப்ளீஸ் எதுவானாலும் முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்ததாக இருக்கட்டும். தலைவழியே கழற்றும் ஸ்வெட்டரை, குலுங்குகிற வண்டியில், கழுத்தில் கேமராவும் பைனாகுலரும் தொங்கும்போது கழற்றிப் பாருங்கள், தெரியும். காதுக்கு நம் மப்ளரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கம்பளிக் குல்லாய் ஒன்றும் கையுறை ஒரு ஜோடியும் ஆளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிகோரோங்கோரோவில் காலையில் விளிம்பில் பனிமூட்டத்தில் கிளம்பி 600 மீட்டர் கீழே இறங்குவீர்கள். அடிவாரத்துக்குப் போனதும் ஒவ்வோர் அடுக்காகக் கழற்ற வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் பெயர்பெற்ற கடைகளில் சஃபாரி என்று அச்சிட்டு விற்பதை வாங்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து திருப்பூர் எவ்வளவு தூரம்? காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஃப்ளீஸ், சீக்கிரம் காயும் டி-ஷர்ட், ஜெர்கின் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தால் ஐந்து பேருக்கும் ஆகிவிடும். வீட்டில் ஊட்டிக்காக வாங்கி வைத்த ஸ்வெட்டர் இருந்தால் அதுவே போதும்.

இனி நிறம். விலங்குகளுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளத்தான் காக்கி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. சிங்கம், யானை, மான் போன்ற பெரும்பாலான பாலூட்டிகளின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகள்தான் உண்டு. நமக்கு மூன்று. சிவப்பையும் பச்சையையும் அவை நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை. புலியின் ஆரஞ்சு நிறம் மானின் கண்ணுக்குப் புல்லோடு கலந்துபோவதும் இதனால்தான். மாராவில் உள்ள விலங்குகள் வண்டியையும் அதற்குள் இருப்பவர்களையும் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. உங்கள் சட்டை பழுப்பா சிவப்பா என்பதைவிட, நீங்கள் திடீரென்று கையை வீசுவதும், கூரைக்கு மேலே பாதி உடம்பை நீட்டுவதும், உரக்கப் பேசுவதும்தான் அவற்றைக் கலைக்கும். அந்தப் புல்வெளியில் மாடு மேய்க்கும் மசாய் மக்கள் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நாளெல்லாம் நடக்கிறார்கள்.

நடந்து போகும் சஃபாரி வேறு. மாராவைச் சுற்றியுள்ள தனிப் பாதுகாப்புப் பகுதிகளில் வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு செய்திருந்தால், அன்றைக்கு மங்கலான நிறம் அவசியம். பளிச்சென்ற வெள்ளை தொலைவிலிருந்தே தெரியும். பறவைகளுக்கோ நம்மைவிட நுட்பமான நிறப்பார்வை இருப்பதால், பறவை பார்க்கப் போகிறவர்களும் பழுப்பு, சாம்பல், இலைப்பச்சை என்று போவது நல்லது. உங்கள் பயணத் திட்டத்தில் இரண்டும் இல்லை.

ஆனால் நிறத்தில் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கருநீலமும் கருப்பும் வேண்டாம். காரணம் செட்சி ஈ. நம் ஊர் மாட்டு ஈயைப் போலிருக்கும், கடித்தால் ஊசியைக் காய்ச்சிக் குத்தியது போலிருக்கும். நீலமும் கருப்பும் அதை இழுக்கும் நிறங்கள். இதைப் பயன்படுத்தியே அதை ஒழிக்கும் பொறிகளைச் செய்கிறார்கள். செரெங்கேட்டியிலும் அதன் தென்கிழக்கே உள்ள தராங்கிரே பூங்காவிலும் மரங்களில் நீலமும் கருப்புமாகத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள். பூச்சிமருந்து ஏற்றிய துணி அது. அதே நிறத்தில் நீங்களும் ஒரு ஜீன்ஸ் அணிந்து போய் உட்கார்ந்தால், அந்தத் துணிக்குப் போகவேண்டிய ஈ உங்களிடம் வரும். மாராவின் திறந்த புல்வெளியில் இந்தத் தொல்லை குறைவு. செரெங்கேட்டியின் வடக்கிலும் மேற்கிலும் மரங்கள் அடர்ந்த பகுதிகளில் அதிகம். ஓடும் வண்டியைத் துரத்திவரும் பழக்கம் உடையது. கொசுவுக்குப் பூசும் களிம்பு இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை, துணிதான் காப்பு. அதிலும் உடம்போடு ஒட்டிய மெல்லிய லெக்கிங்ஸ் காப்பே இல்லை, அதன் வழியாகவே கடிக்கும். சற்றுத் தடித்த நெசவில், தோலைத் தொடாமல் தளர்வாக நிற்கும் கால்சட்டைதான் வேண்டும். இந்த ஈ பரப்பும் தூக்க நோய் சுற்றுலாப் பயணிகளுக்கு வருவது மிக அரிது. ஆயினும் திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியாவுக்கும் அதே பேச்சுத்தான்.

இன்னொரு தடையும் உண்டு. ராணுவ உடை போலப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சிட்ட துணி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் படையைச் சேராதவர்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். மற்ற நாடுகளிலும் அதிகாரிகள் விரும்புவதில்லை. குழந்தைகளின் கால்சட்டை, தொப்பி, முதுகுப்பையில்கூட இந்த அச்சு சாதாரணமாக வருகிறது. எல்லைச் சாவடியில் வீண் விசாரணை எதற்கு?

இதிலிருந்தே உங்கள் மகளின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. மஞ்சள் ஜாக்கெட்டைத் தாராளமாகப் போட்டுக்கொண்டு வரட்டும். விலங்குக்கு அதனால் தொந்தரவு இல்லை, ஈயும் மஞ்சளைத் தேடி வராது. கூட்டமுள்ள சாப்பாட்டு இடங்களில், எல்லைச் சாவடியில், உங்கள் கண்ணுக்குக் குழந்தை சட்டென்று தெரியும். அழுக்காகும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். ஐந்து மணிக்கு எழுப்பும்போது குழந்தை பாதித் தூக்கத்தில் இருக்கும். இரவு உடையின் மேலேயே மற்ற அடுக்குகளைப் போட்டு, போர்வையோடு வண்டியில் ஏற்றிவிடுங்கள். பல விடுதிகளில் காலைப் பயணத்துக்குக் கம்பளிப் போர்வை தருவார்கள். முந்திய இரவே கேட்டு வாங்கி வையுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைக்கு ஒரு ஜோடி காலுறையும் ஒரு கால்சட்டையும் கூடுதலாக இருக்கட்டும்.

அம்மாவின் சேலையைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம். ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பயணக் குறிப்புகளில் பதிலே இருப்பதில்லை. பேன்ட் போடச் சொல்லுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் தனக்குக் கூச்சமான உடையில் நாள் முழுவதும் அந்நியர் முன்னே உட்கார்ந்திருந்தால், யானையைப் பார்ப்பாரா, உடையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பாரா?

முதலில் சேலையால் என்ன சிரமம் என்று பார்ப்போம். லேண்ட் குரூசரின் படி உயரமானது. ஏறும்போது கால் கொசுவத்தில் மாட்டும். நல்ல காட்சி வரும்போது எல்லோரும் எழுந்து இருக்கைமேல் நிற்பார்கள், அதுவும் சிரமம். ஓடும்போது முந்தானை பறக்கும். புழுதி மடிப்புகளில் தங்கும். கணுக்காலும் இடுப்பும் குளிருக்கும் கடிக்கும் திறந்திருக்கும். இவை தவிரக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் மணிக்கணக்கில் கழிப்பறை கிடையாது. ஓட்டுநர் சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டியின் பின்புறத்தில் மறைவாகப் போகச் சொல்லுவார். அப்போது விரைவாகச் சமாளிக்கக்கூடிய உடை வேண்டும். இந்த ஒன்றுக்குச் சேலையே வசதி என்று பல அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதில் உண்மையும் இருக்கிறது. ஒரே துண்டாகத் தைத்த ஜம்ப்சூட் உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ வேண்டவே வேண்டாம்.

அம்மா சம்மதித்தால் தளர்வான பருத்திப் பேன்ட்டும் முழங்காலுக்குக் கீழே வரும் முழுக்கைக் குர்த்தியும் அருமை. பக்கவாட்டில் நல்ல வெட்டு இருக்க வேண்டும், அப்போதுதான் படியேற முடியும். இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். அதன்மேல் அவருக்குப் பழகிய ஒரு பருத்தித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் கூச்சம் பாதி குறையும், புழுதிக்கும் ஆகும். வீட்டிலேயே இரண்டு வாரம் முன்பிருந்து மாலை நேரத்தில் உடுத்திப் பழகச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் முதன்முதலாக உடுத்தச் சொல்லாதீர்கள்.

சேலைதான் என்று உறுதியாக இருந்தால், அதையும் செய்யலாம். பாவாடைக்குப் பதிலாகவோ அதற்கு உள்ளேயோ சற்றுத் தடித்த பருத்தியில் தளர்வான பைஜாமா. அதுவே குளிருக்கும் ஈக்கும் காப்பு. சேலை நைலானோ ஜார்ஜெட்டோ வேண்டாம், காற்றில் நிற்காது. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே ஏற்றிக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகி, ஊக்கு குத்தி, அதன்மேல் முழுக்கை ஸ்வெட்டரைப் பட்டன் போட்டுவிட்டால் பறக்க எதுவும் இல்லை. காலுக்கு உறையும் மூடிய ஷூவும். செருப்பு வேண்டாம். வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை அம்மாவுக்குக் கொடுங்கள். நிற்காமலே முன்கண்ணாடி வழியாகவும் பக்கச் சன்னல் வழியாகவும் பார்க்கலாம், குலுக்கலும் பின்வரிசையைவிடக் குறைவு. ஏறி இறங்க ஒரு சிறிய முக்காலி வண்டியில் இருக்குமா என்று பயண ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். கேட்டால் கொண்டுவருவார்கள்.

குலுக்கல் என்றதும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாராவுக்குப் போகும் சாலையும் உள்ளே உள்ள தடங்களும் உடம்பை உலுக்கி எடுத்துவிடும். அழுத்திப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீண்ட நாள் பயணத்தில் முதுகுவலியும் தோள்வலியும் குறையும்.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கிறது. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களின் கடுமையும் கூடும். குளிர்காற்று வீசுவதால் தோல் கருகுவது உடனே தெரியாது, இரவில்தான் எரியும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் வழியே கதிர்கள் நன்றாகவே புகும். சட்டையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அது வேண்டாம். முழுக்கை, காலர் வைத்தது, நெருங்கிய நெசவு, இவை மூன்றும் போதும். காலரைத் தூக்கிவிட்டால் பிடரி தப்பும். தொப்பிக்குத் தாடைக் கயிறு கட்டாயம். இல்லாவிட்டால் காற்று அதைக் கொண்டுபோய்ச் சிங்கத்தின் பக்கம் போடும், இறங்கி எடுக்க அனுமதியில்லை. மிக அகன்ற விளிம்புத் தொப்பி பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், பைனாகுலரை வைக்கும்போது இடிக்கும். நடுத்தர விளிம்பு நல்லது.

புழுதிக்கு நம் துண்டு. முன்வண்டி கிளப்பும் புழுதிக்கு மூக்கையும் வாயையும் மூட, கழுத்துக்கு வெயில் படாமல் சுற்ற, கேமராவைப் பொத்திவைக்க, எல்லாவற்றுக்கும் ஈரோட்டுத் துண்டு ஒன்று ஆளுக்கு இருந்தால் போதும். ஒரு லுங்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆண்கள் கிகோய் என்று நம் லுங்கியைப் போலவே இடுப்பில் கட்டுகிறார்கள். விடுதியில் மாலையில் லுங்கியோடு உட்கார்ந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கண்ணில் லென்ஸ் வைப்பவர்கள் வண்டியில் போகும்போது மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

ஷூவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்தான். தினமும் போட்டுப் பழகிய, விரல் மூடிய, அடிப்பாகம் வழுக்காத ஷூ எதுவானாலும் சரி, வெள்ளை மட்டும் வேண்டாம். இருக்கைமேல் ஏறி நிற்கும்போது கழற்றச் சொல்லுவார்கள் என்பதால் எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். காலையில் மாட்டும்முன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேள் இருக்கலாம். மாலையானதும் முழுக்கை, முழுக்கால்சட்டை, காலுறை. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு இருட்டிய பிறகுதான் கடிக்கும், கணுக்கால் அதற்குப் பிடித்த இடம். இரவு உணவுக்கென்று ஆடம்பர உடை எதுவும் தேவையில்லை.

எத்தனை செட்? ஆளுக்கு மேலுடை நான்கு, கீழுடை மூன்று, குளிர் அடுக்குகள் ஒவ்வொன்று. உள்ளாடை மட்டும் தாராளமாக. ஏனென்றால் விடுதிகளில் சட்டை, பேன்ட் துவைத்துக் கொடுப்பார்கள். உள்ளாடைகளைத் துவைப்பது அவர்கள் வழக்கத்துக்கு ஒவ்வாது என்பதால் பல முகாம்களில் வாங்குவதில்லை, அறையில் சோப்பு வைத்திருப்பார்கள். நீங்களே துவைத்தால் வெளியே புல்லிலோ புதரிலோ விரிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் டம்பு ஈ என்று ஒன்று உண்டு. ஈரத்துணியிலும் மண்ணிலும் முட்டையிடும். அந்தத் துணியை அணிந்தால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வளரும். கூடாரத்துக்குள் வலைக்கு உட்புறம் காயப்போடுங்கள். வெளியே காய்ந்த துணியென்றால் நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்தால் முட்டைகள் அழிந்துவிடும். விடுதிகளில் துவைத்ததையெல்லாம் தேய்த்தே கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடினமான சூட்கேஸ் வேண்டாம், வண்டியின் பின்பகுதியில் ஐந்து பேருடைய பெட்டிகள் அடங்காது. அமுக்கினால் அமுங்கும் துணிப்பை எடுங்கள். திட்டம் மாறி நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாராவுக்குப் பறப்பதாக இருந்தால், கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில்தான். பிளாஸ்டிக் கேரி பைகளில் துணியைச் சுற்றி அடுக்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதலும், தான்சானியாவில் 2019 ஜூன் முதலும் அவை தடை செய்யப்பட்டிருக்கின்றன. விமான நிலையக் கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையும் இதில் அடங்கும். அழுக்குத் துணிக்கு நான்கைந்து மஞ்சப்பை போதும்.

பலூன் பயணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாராவில் ஆசை வரலாம். அன்று நைலான் ஜெர்கினைக் கழற்றிவிட்டுப் பருத்தியும் கம்பளியும் மட்டும் போடுங்கள், தலைக்கு மேலே நெருப்பு எரியும். தொப்பி வேண்டும். கூடையின் பக்கவாட்டில் கால் வைத்து ஏற வேண்டியிருப்பதால் அது சேலைக்கு ஒத்துவராது.

உடையோடு சேராத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஐந்து பேருக்கும் வேண்டும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது கேட்பார்கள். அதைவிட முக்கியமாக, இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதனால் ஜூலை தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அம்மாவுக்கு 60 வயதைக் கடந்துவிட்டதால் இந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். ஊசி போடலாமா, மருத்துவ விலக்குச் சான்று வாங்க வேண்டுமா என்பதை அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு டிக்கெட்டை உறுதிசெய்யுங்கள்.